பொது அண்டாவுக்கு ஈயம் பூசுவது யார்?

கணினியில் ‘கொ’ என்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். திரையில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால் என்று மூன்று உருவங்கள் வரிசையாக நிற்கும். ஆனால் நினைவகத்தில் இருப்பவை இரண்டே எண்கள். முதலில் ககரத்துக்கான எண், அதன் பின்னால் ஒகரக் குறிக்கான எண். பின்னால் வந்த அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் யாரோ கொண்டுபோய் வைத்தாக வேண்டும்.

யார் அது? நீங்கள் எழுதும் எடிட்டரை உருவாக்கியவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் கணினியில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற தனித் தொகுதி. தமிழுக்குக் கொம்பு எங்கே, அரபிக்கு எழுத்துகள் எப்படிக் கோக்கும், இந்திக்கு மாத்திரை எங்கே ஏறும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். எடிட்டர் எண்களைக் கொடுக்கிறது. ஹார்ஃப்பஸ் உருவங்களை அடுக்கிக் கொடுக்கிறது. பக்கத்தில் திறந்திருக்கும் கோப்பு மேலாளரும் அதே ஹார்ஃப்பஸிடம்தான் போய்க் கேட்கிறது. வட்டில் அது ஒரே கோப்பு. நினைவகத்திலும் அதன் கட்டளைகள் ஒரே பிரதி.

இப்படிப் பல நிரல்கள், தாம் ஓடும் நேரத்தில் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளும் பொதுத் தொகுதிகளை ‘ஷேர்டு லைப்ரரி’ என்கிறார்கள். விண்டோஸில் டிஎல்எல் என்ற பின்னொட்டோடு கிடக்கும் கோப்புகளும், லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் எஸ்ஓ என்று முடியும் கோப்புகளும் இவைதான். இவற்றை நாம் திறப்பதில்லை. பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் இவை இல்லாமல் நம் போனில் ஒரு செயலிகூட விழிக்காது.

அலமாரியில் இருந்த நாடாக்கள்

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் எடுத்தாள்வது கணினியின் அளவுக்கே பழைய பழக்கம். 1949 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அதைக் கட்டிய குழு ஒன்றைச் சீக்கிரமே கண்டுகொண்டது. வர்க்கமூலம் காண்பது, விடையை அச்சிடுவது போன்ற வேலைகள் எல்லோர் நிரலிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவரும் அவற்றைப் புதிதாக எழுதி, ஒவ்வொருவரும் புதிதாகத் தவறு செய்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்த இளம் ஆய்வாளர் டேவிட் வீலர் இதற்கு வழி வகுத்தார். சோதித்துத் தேறிய துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு ஓர் அலமாரியில் அடுக்கினார்கள். தேவைப்பட்டவர் அந்த நாடாவை எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். 1951-ல் அங்கே 87 துணைநிரல்கள் இருந்தன. அந்தச் சேமிப்புக்கு அன்றே லைப்ரரி என்றுதான் பெயர்.

எழுதும் உழைப்பு மிச்சமானது. ஆனால் எடுத்தவர் எல்லோரிடமும் ஒரு பிரதி சேர்ந்தது. இதே முறை இன்றும் ‘ஸ்டாடிக் லிங்க்கிங்’ என்ற பெயரில் இருக்கிறது. நிரலை உருவாக்கும்போதே அதற்கு வேண்டிய பொதுப் பகுதிகளை எல்லாம் அதன் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிடுவது.

இதன் விலை என்ன என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். ‘வணக்கம்’ என்று ஒரு வரியைத் திரையில் காட்டும் சி நிரலை 64 பிட் லினக்ஸில் இரண்டு விதமாக உருவாக்கலாம். ‘லிப்சி’ என்ற அடிப்படை லைப்ரரியைப் பகிர்ந்துகொள்ளும் நிரல் சுமார் 16 கிலோபைட் வரும். லிப்சியில் தேவையானதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் நிரல் 800, 900 கிலோபைட்டைத் தொடும். ஒரே வரி வணக்கத்துக்கு ஏறக்குறைய ஐம்பது மடங்கு எடை! நம் கணினியில் எந்நேரமும் நூற்றுக்கும் மேற்பட்ட நிரல்கள் ஓடுகின்றன. எல்லாமே இப்படி மூட்டை சுமந்தால் வட்டும் நினைவகமும் ஒரே கட்டளைகளின் நகல்களால் நிரம்பிவிடும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் கல்யாணத்துக்கு வேண்டிய பெரிய அண்டாவை ஒவ்வொரு வீடும் வாங்கி வைப்பதில்லை. ஊர்ப் பொதுவில் அண்டா, தவலை, ஜமக்காளம் என்று ஒரு கூட்டம் இருக்கும். காதுகுத்தோ கல்யாணமோ, எடுத்துப்போய்ச் சமைத்துவிட்டுக் கழுவித் திருப்பி வைப்பார்கள். அண்டா பொது, அதில் வேகும் அரிசி அவரவருடையது. ஷேர்டு லைப்ரரியின் ஏற்பாடும் இதுதான். கட்டளைகள் பொது, அவை கையாளும் தரவு அந்தந்த நிரலுக்கே சொந்தம்.

எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து 1960-களில் உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே, ஓடும் நேரத்தில் இணைக்கும் இந்த வழி இருந்தது. அதற்குப் பின் வந்த யூனிக்ஸில் அது நெடுங்காலம் இல்லை. 1985-ல் வந்த முதல் விண்டோஸ் இதை அடிப்படையாகவே எடுத்துக்கொண்டது. 1988-ல் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0, யூனிக்ஸ் உலகத்துக்கு இதைச் செம்மையாகக் கொண்டுவந்தது. இன்று லினக்ஸில் நடப்பது பெரும்பாலும் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்.

நிரலுக்கு முன்னால் ஓடும் நிரல்

ஒரு நிரலைத் தொடங்கியதும் முதலில் ஓடுவது அந்த நிரல் என்றுதான் நினைப்போம். அது உண்மையில்லை.

லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ என்ற எளிய கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதைத் தட்டியதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்தக் கோப்பைத் திறந்து தலைப்பைப் படிக்கிறது. ‘என்னை ஓட்டுவதற்கு முன் இன்னாரை ஓட்டு’ என்று அங்கே ஒரு குறிப்பு இருக்கும். அந்த ‘இன்னார்’தான் லோடர், அதாவது டைனமிக் லிங்க்கர். கர்னல் இரண்டையும் நினைவகத்தில் வைத்துவிட்டு, ஓட்டத்தை முதலில் லோடரின் கையில் கொடுக்கிறது.

லோடர் அந்த நிரலின் தேவைப் பட்டியலைப் படிக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டில் எல்எஸ் கேட்பது இரண்டு லைப்ரரிகளை: லிப்சி ஒன்று, பாதுகாப்பு தொடர்பான லிப்செலினக்ஸ் இன்னொன்று. லிப்செலினக்ஸுக்கு வேறொரு லைப்ரரி வேண்டும். அதையும் தேடியாக வேண்டும். எந்தப் பெயர் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று முன்கூட்டியே தயாரித்து வைத்த ஓர் அட்டவணையைப் பார்த்து, லோடர் ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கிறது. கண்டதும் கோப்பை முழுவதும் படித்து நகல் எடுப்பதில்லை. ‘இந்தக் கோப்பின் இந்தப் பகுதி இந்த முகவரியில் தெரியட்டும்’ என்று கர்னலிடம் சொல்கிறது. வேறு நிரல் ஏற்கெனவே லிப்சியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், நினைவகத்தில் இருக்கும் அதே பக்கங்களையே கர்னல் இதற்கும் காட்டிவிடும். ஒரே கிணற்றில் இன்னொரு வீட்டுக்கும் வாளி இறங்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்ததுதான் நுட்பமான இடம். எழுத்தை அச்சிடும் ‘பிரின்ட்எஃப்’ என்ற செயற்கூறு லிப்சிக்குள் இருக்கிறது. ஆனால் லிப்சி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரியில் ஏறும்; தாக்குபவர்கள் கணித்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அப்படியானால் நிரல் பிரின்ட்எஃப்பை எந்த முகவரியில் போய் அழைக்கும்?

இதற்காக ஒவ்வொரு நிரலிலும் ஒரு முகவரி அட்டவணை வைத்திருக்கிறார்கள். நிரல் நேராகப் பிரின்ட்எஃப்பை அழைப்பதில்லை. அட்டவணையில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் எந்த முகவரி எழுதியிருக்கிறதோ அங்கே போகிறது. தொடக்கத்தில் அந்தக் கட்டம் லோடரைச் சுட்டும். முதல் முறை அழைக்கும்போது லோடர் பெயரை வைத்து ஒவ்வொரு லைப்ரரியாகத் தேடி, உண்மையான முகவரியைக் கட்டத்தில் எழுதிவிடும். இரண்டாம் முறை முதல் நேர்வழி. ஒருமுறை விசாரித்துக் குறித்து வைத்துக்கொண்ட போன் நம்பர் போல. இப்போதைய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் எல்லாக் கட்டங்களையும் தொடக்கத்திலேயே நிரப்பி, பிறகு யாரும் அழித்தெழுத முடியாதபடி அட்டவணையைப் பூட்டிவிடுகிறார்கள். இந்த அட்டவணையை நினைவில் வையுங்கள். கட்டுரையின் பின்பகுதியில் ஒரு திருடன் இதைத் தேடித்தான் வருகிறான்.

ஆண்ட்ராய்டு இன்னொரு படி மேலே போகிறது. போனைத் தொடங்கும்போதே ‘சைகோட்’ என்ற நிரல் பொது லைப்ரரிகளை எல்லாம் ஏற்றிவைத்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் ஒரு செயலியைத் தொட்டதும் சைகோட் தன்னைப் போல ஒரு பிள்ளையைப் பெறும். தாய் ஏற்றிவைத்த பக்கங்களைப் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளும். போனில் செயலிகள் சட்டென்று திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொன்ன சொல்

இத்தனை ஏற்பாடும் நிற்பது ஒரு வாக்குறுதியின் மேல்: ‘இந்தப் பெயரில், இந்த முறையில் கேட்டால், இந்தப் பதிலைத் தருவேன்.’ லைப்ரரியின் உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தச் சொல்லை மாற்றக் கூடாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பெயரோடு ஒட்டிய எண்ணை மாற்ற வேண்டும். லினக்ஸில் லிப்சியின் கோப்புப் பெயர் 6 என்ற எண்ணோடு முடியும். 1997-ல் லினக்ஸின் லிப்சியான ஜிலிப்சி 2.0 வந்தபோது வைத்த எண் அது. நாம் பயன்படுத்தும் சாதாரணக் கணினிகளில் இன்றுவரை அது 6-தான். உள்ளே எத்தனையோ திருத்தம் நடந்துவிட்டது, ஆனால் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றி வருகிறார்கள். பொறியியலில் இதைவிட மரியாதைக்குரிய சாதனைகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

அந்தச் சொல்லைக் காப்பது எவ்வளவு கடினம் என்று 2010-ல் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. அந்த நவம்பரில் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீடு வந்தது. புதிய பதிப்புக்கு மாறியவர்கள் பலருக்கு இணைய வீடியோக்களில் ஒலி கரகரத்தது. அந்த வீடியோக்களை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரில் யாரும் கைவைக்கவில்லை. மாறியது ஜிலிப்சியில் இருக்கும் ‘மெம்காப்பி’ என்ற சின்னச் செயற்கூறு. நினைவகத்தின் ஓரிடத்தில் இருப்பதை வேறிடத்துக்குப் படியெடுப்பதே அதன் வேலை. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது, படிந்தால் ‘மெம்மூவ்’ என்ற வேறொன்றைப் பயன்படுத்துங்கள் என்று அதன் விதி தெளிவாகவே சொல்கிறது. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. பழைய மெம்காப்பி முன்னிருந்து பின்னாகப் படியெடுத்ததால் மீறல் வெளியே தெரியவில்லை. வேகத்துக்காகப் புதிய மெம்காப்பி சில சிபியுக்களில் பின்னிருந்து முன்னாகப் படியெடுத்தது. உடனே ஒலி சிதைந்தது.

தவறு யாருடையது? விதிப்படி பார்த்தால் ஃபிளாஷுடையது. ஆனால் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே அந்த விவாதத்தில் இறங்கி வேறு பக்கம் நின்றார். நேற்றுவரை பாடிய வீடியோ இன்று கரகரத்தால், பயனாளருக்கு விதிப்புத்தகத்தைக் காட்டுவது பதிலாகாது என்பது அவர் வாதம். கடைசியில் 2011-ல் வந்த ஜிலிப்சி 2.14 அழகான தீர்வைக் கண்டது. ஒரே பெயருக்கு இரண்டு பதிப்புகள். பழைய நிரல் வந்து மெம்காப்பி கேட்டால், படிந்தாலும் பிழைக்காத பாதுகாப்பான வடிவம் கிடைக்கும். புதிதாக உருவாக்கிய நிரல் கேட்டால் வேகமான வடிவம். எந்த நிரல் எந்தக் காலத்தது என்று லோடர் அதன் குறிப்பைப் பார்த்தே அறிந்துகொள்ளும்.

விண்டோஸில் நெடுநாள் இந்த ஒழுங்கு இல்லை. ஒரு மென்பொருளை நிறுவினால், அது தன்னோடு கொண்டுவந்த பழைய டிஎல்எல்லைப் பொதுக் கோப்புறையில் இருந்த புதியதன் மேல் எழுதிவிட்டுப் போகும்; நேற்றுவரை ஓடிய வேறொரு மென்பொருள் மறுநாள் திறக்காது. நிரலாளர்கள் இதற்கு ‘டிஎல்எல் ஹெல்’ என்றே பெயர் வைத்தார்கள். விண்டோஸ் 2000 கணினியின் அடிப்படைக் கோப்புகளைக் காவலில் வைத்தது. அடுத்து வந்த எக்ஸ்பி, பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழி செய்தது.

அதே விண்டோஸ் 2000-ல்தான் யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் விண்டோஸுக்குள் வந்தன. கொம்பையும் காலையும் இடம்பார்த்து வைத்தது ‘யுஎஸ்பி10’ என்ற டிஎல்எல். அந்த ஒரு கோப்பு பழையதாக இருந்தால் எழுத்துரு இருந்தும் கொம்பு இடம்மாறி நிற்கும். புதிய கோப்பை எங்கிருந்தாவது வாங்கி வந்து போட்டுத் தமிழை நேராக்கிய அனுபவம் அந்தக் காலத்துத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் பலருக்கு உண்டு. ஒரு மொழியே சரியாகத் தெரிவதும் உடைந்து தெரிவதும் ஒரு லைப்ரரியின் கையில் இருந்தது.

ஈயம் தேய்ந்தால்

பொது அண்டாவுக்கு ஒரு பராமரிப்பு உண்டு. பித்தளையின் உட்புறம் ஈயம் பூசியிருக்க வேண்டும். அது தேய்ந்தால் புளிச்சோறு களிம்பேறும். கெடுதல் ஒரு வீட்டோடு நிற்காது. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரையும் தாக்கும். ஆனால் ஒரு முறை ஈயம் பூசினால் ஊருக்கே பாதுகாப்பு.

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியானது. இணையத்தில் ரகசியமாகப் பேச உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில், 2012-ல் வெளியான பதிப்போடு வந்த ஒரு சிறு பிழை அது. தப்பான ஒரு கேள்வியை அனுப்பினால், சேவையகம் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் அதில் அகப்படலாம். உலகெங்கும் சேவையகங்கள் ஆபத்தில் இருந்தன. ஆனால் லைப்ரரியைப் பகிர்ந்துகொண்ட கணினிகளில் ஓட்டையை அடைப்பது எளிது: ஒரு கோப்பை மாற்று, சேவைகளை மறுபடி தொடங்கு.

பிரதிகள் வைத்திருப்பவர் கதை வேறு. 2002 மார்ச்சில் சுருக்கும் வேலை செய்யும் ‘இசட்லிப்’ லைப்ரரியில் ஒரு பிழை வெளியானது. பொதுக் கோப்பைத் திருத்துவது பெரிய வேலையாக இல்லை. எத்தனையோ மென்பொருள்கள் இசட்லிப்பைத் தமக்குள்ளேயே படியெடுத்து வைத்திருந்ததுதான் தலைவலி. எது எதற்குள் எந்தப் பதிப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி ஒவ்வொன்றையும் தனியாக மாற்ற வேண்டியிருந்தது.

இனி அந்தத் திருடன். 2024 மார்ச் 29. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளருமான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் ஒரு செய்தியை வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை, தம் சோதனைக் கணினியில் அரை நொடி தாமதிப்பதை அவர் கவனித்திருந்தார். அந்த அரை நொடியைத் துரத்திக்கொண்டே போனவர், சுருக்கும் வேலை செய்யும் ‘லிப்எல்இசட்எம்ஏ’ என்ற லைப்ரரியில் யாரோ வைத்திருந்த கள்ளக் கதவில் போய் நின்றார்.

எஸ்எஸ்ஹெச்சுக்கும் அந்த லைப்ரரிக்கும் நேரடித் தொடர்பே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற வெளியீடுகளில் எஸ்எஸ்ஹெச் ‘லிப்சிஸ்டம்டி’ என்ற லைப்ரரியை ஏற்றும். அது லிப்எல்இசட்எம்ஏவை அழைத்து வரும். விருந்தாளியின் கூட்டாளியாக உள்ளே வந்த அந்நியன்! லோடர் அட்டவணையை நிரப்பிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், பூட்டு விழுவதற்கு முன்பே, அவன் கையெழுத்தைச் சரிபார்க்கும் செயற்கூறின் கட்டத்தில் தன் முகவரியை எழுதிவிட்டான். அதன்பின் ரகசியச் சாவி ஒன்றை வைத்திருப்பவர் அந்தக் கள்ளக் கதவு ஏறிய எந்தக் கணினிக்குள்ளும் நுழையலாம் என்ற நிலை.

கதவை வைத்தது ‘ஜியா டான்’ என்ற பெயரில் இயங்கிய கணக்கு. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களைப் பொறுமையாக அனுப்பி, பராமரிப்பில் பங்கு பெற்று, பிறகு செய்த வேலை அது. அதற்கு முன் அந்த லைப்ரரியை நெடுங்காலம் கவனித்துவந்தவர் ஏறக்குறைய ஒரே ஒரு மனிதர், அதுவும் சம்பளமில்லாத ஓய்வுநேர வேலையாக. ஊர் முழுக்கச் சமைக்கும் அண்டாவுக்கு ஒருவர் மட்டும் தன் கைக்காசில் ஈயம் பூசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் மூட்டை

இந்தத் தொல்லைகளைப் பார்த்து, ‘பகிரவே வேண்டாம், அவரவர் பிரதியை அவரவர் வைத்துக்கொள்ளட்டும்’ என்று சொல்பவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். கூகுளில் பிறந்த கோ மொழி, இயல்பாகவே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தைத்துக் கொடுக்கிறது. டாக்கர் போன்ற கன்டெய்னர்கள், ஒவ்வொரு நிரலோடும் அதற்கான லைப்ரரிகளைத் தனிப் பெட்டியில் கட்டி அனுப்புகின்றன. இதில் நியாயம் இருக்கிறது. வட்டும் நினைவகமும் அன்று போல விலை அதிகமில்லை. என் கணினியில் ஓடியது உங்கள் கணினியிலும் அப்படியே ஓடும் என்ற நிம்மதி நிரலாளருக்குப் பெரிய வரம்.

ஆனாலும் மூட்டை கட்டுபவர் ஒரு கடமையையும் சேர்த்துக் கட்டுகிறார். உள்ளே வைத்த ஒவ்வொரு பிரதியையும் அவரே கண்காணிக்க வேண்டும். இசட்லிப் சொன்ன பாடம் அதுதான். பகிர்ந்தாலும் பிரித்தாலும் ஈயம் பூசும் வேலை ஒழிவதில்லை. பொதுவில் ஓரிடத்தில் செய்வதா, ஆயிரம் வீட்டில் தனித்தனியே செய்வதா என்பதுதான் கேள்வி. செய்கிறவர் கையில் நேரமும் காசும் இருக்குமானால் ஓரிடத்தில் செய்வதே மேல் என்று நான் நம்புகிறேன். நம் அன்றாடம் நிற்பது அந்தச் சிலரின் உழைப்பில். அவர்களுக்கு ஊதியம் கொடுப்பதும், நிரல் எழுதத் தெரிந்தவர்கள் துணைக்குப் போவதும் தருமம் அல்ல, கடன்.

நிரல் எழுதாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிய லைப்ரரிக் கோப்பு வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய பிரதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அவை நின்று மறுபடி தொடங்கினால்தான் லோடர் புதியதைத் தேடி ஏற்றும். அதனால்தான் கணினியும் போனும் மேம்படுத்தலுக்குப் பின் ‘மறுதொடக்கம் செய்யவா?’ என்று கேட்கின்றன. ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்தி அதைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கோ யாரோ பூசிய ஈயம் உங்கள் அண்டாவுக்கு வந்து சேருவது அந்த மறுதொடக்கத்தில்தான்.